கண்ணாடி பாலிஷ்

என் அக்கா வீட்டுச் சமையலறைக்கு அலமாரிக் கதவு போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒருவரையும் கைகாட்ட முடியவில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறும். நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். ஊசிக்குப் பயப்படாதவர்கள்கூட என் வாய்க்குப் பயப்படுவார்கள் என்று டாக்டரே சொல்வார். அக்கா என்னை மிளகாய் என்றுதான் கூப்பிடுவாள்.

அக்கா, சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருந்தவள். தைத்து முடித்த சட்டைகள் வரிசையாக அவள் கைக்கு வரும். காலரைப் புரட்டி, பொத்தானை இழுத்து, பக்கத் தையலை இரண்டு விரலுக்கு நடுவில் ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவளைத் தாண்டி ஓட்டைச் சட்டை வெளியே போகாது என்று பெயர் வாங்கியிருந்தாள். வீட்டிலும் அதே புத்தி. நான் புதுத்துணி போட்டுக்கொண்டு போய் நின்றால், நல்லா இருக்கு என்று சொல்வதற்கு முன்னால் ஓரத்தை மடித்துத் தையலைப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளைத் தாண்டிக் குறைச் சட்டைகள் போக ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "அரட்டை அடிச்சுக்கிட்டே வேலை பார்த்தா இப்படித்தான்" என்று கத்தினான். அரட்டை அடிக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. சட்டையின் நடுப்பகுதி தெரிந்தது, ஓரங்கள் தெரியவில்லை, அவ்வளவுதான். தலையைத் திருப்பித் திருப்பி ஓரத்தைத் தேடுவதற்குள் அடுத்த சட்டை வந்துவிட்டது. வேலை போனது. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களே, "அவளுக்கு முன்ன மாதிரி அக்கறை இல்லைப்பா" என்று பேசினார்கள்.

கண் டாக்டரிடம் போனது அதற்குப் பிறகுதான். விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது என்றார். மருந்து இல்லை, ஆபரேஷனும் இல்லை. அப்போதே அவளுக்குத் தெரிந்தது குழாய்க்குள் பார்க்கிற மாதிரி ஒரு வட்டம் மட்டும்தான். அந்த வட்டமும் சீக்கிரம் மூடிவிடும் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. தெருவுல எவளாவது ஐயோ பாவம்னு உச்சுக்கொட்டினா எனக்கு ஆகாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அத்தானிடமும் வாங்கிக்கொண்டாள்.

அத்தான் தச்சர். சமையலறை அலமாரி செய்வதுதான் அவர் தொழில். எத்தனையோ வீடுகளில் அவர் செய்த கதவைத்தான் தினமும் திறந்து மூடுகிறார்கள். சொந்த வீட்டில் மட்டும் கதவே கிடையாது. மேடைக்குக் கீழே கம்பி கட்டி ஒரு பழைய திரைச்சீலை தொங்கும், மேல் தட்டுகள் திறந்தே கிடக்கும். கல்யாணமான புதிதிலிருந்து அக்கா கேட்கிறாள், அவரும் "நாளைக்கு" என்கிறார். எல்லாருக்கும் அதே பதில்தான். கதவு எப்போது வரும் என்றால் நாளைக்கு, கீல் சத்தம் போடுகிறது என்றால் நாளைக்கு. தெருவில் அவருக்குப் பெயரே நாளைக்கு அண்ணன் என்று ஆகிவிட்டது. நல்ல மனுஷன், சூது வாது தெரியாது, ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி யாரும் வீட்டில் காத்திருக்க மாட்டார்கள்.

பட்டறையில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, பாலிஷ்காரன். அவனை நாங்கள் பளபளா என்று கூப்பிடுவோம். அத்தான் செய்த கதவு அவன் கைக்குப் போனால், பட்டி பூசி மரத்தின் துளைகளை எல்லாம் அடைப்பான். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், வார்னிஷ் அடிப்பான், திரும்பத் தேய்ப்பான், திரும்ப அடிப்பான். தலைமுடியை அதில் பார்த்துச் சீவிக்கொள்ளலாம் என்ற நிலை வந்த பிறகுதான் கீழே வைப்பான். அந்தப் பட்டறையிலிருந்து ஒரு முக்காலிகூட வெறும் மரமாக வெளியே போனது கிடையாது. அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாடு என்றைக்கும் அக்கா கையால்தான். அண்ணி என்றால் உயிரை விடுவான்.

என்னையும் அத்தானையும் தவிரக் கண் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அக்காவின் மகள். கல்யாணமாகி வேறு ஊரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கேள்விப்பட்டதும் ஓடி வந்து ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள்.

"கண்ணு தெரியாம அடுப்புகிட்டப் போறதாவது! ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா. நீ சும்மா உக்காந்திரு, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தச் சும்மா உக்காந்திரு அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கம்பெனிக்காரன் வீட்டுக்கு அனுப்பினான், இப்போது பெற்ற பெண்ணும் வேலையிலிருந்து நிறுத்துகிறாளே என்று அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

"என் வீட்டுல, என் அடுப்புல, என் கையால சமைச்சுச் சாப்பிடுவேன். என்னால முடியலைன்னு நீ பார்த்தா, அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போ" என்றாள்.

"ஒரே ஒரு தடவை ஏதாவது ஏடாகூடமா நடந்தாலும் கேட்க மாட்டேன்மா. தூக்கிட்டுப் போயிடுவேன்."

"சரி."

மகள் கிளம்பிப் போனதும் அத்தான் எழுந்து சமையலறைத் திரைச்சீலையைக் கம்பியோடு பிடுங்கினார். நாளைக்கு என்று சொல்லவில்லை. மரக்கடைக்குக் கிளம்பு என்றார்.

மூன்று பேரும் போனோம். "உனக்கு எந்த மரம் பிடிக்குதோ அதை எடு" என்று அத்தான் சொல்ல, அக்கா எல்லாரையும் போல முதலில் நிறத்தைத்தான் பார்த்தாள். தலையைச் சாய்த்துச் சாய்த்து, அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒவ்வொரு பலகையாகக் கொண்டுவந்தாள். மகோகனியின் சிவப்பு பிடித்துப்போனது. இதிலேயே எல்லாக் கதவும் போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் கையை ஓட்டினாள். கை பக்கத்திலிருந்த ஓக் பலகைக்குப் போனது. நின்றது. திரும்ப மகோகனி, திரும்ப ஓக். செக்கிங் மேசையில் இருந்த முகத்தை நான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன்.

மகோகனியைத் தொட்டு, "இது பாப்ளின்" என்றாள். ஓக்கைத் தொட்டு, "இது சாக்குத்துணி. கோடு கோடா நரநரங்குது."

"அக்கா, இது மரக்கடை" என்றேன்.

"தெரியும்டி மிளகாய். நான் கண்ணை மூடிக்கறேன், ஒவ்வொண்ணா என் கைக்குக் கீழ வை."

வைத்தேன். மேப்பிள் பலகையில் கை வழுக்கிக்கொண்டு போனது, அது சாட்டின். தேக்கில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, மெழுகுத்துணி என்றாள். பைன் மட்டும் சட்டென்று பிடிபடவில்லை. அத்தான் ஒரு இரும்பு பிரஷ்ஷை வாங்கி, நார் ஓடுகிற திசையிலேயே அழுத்தித் தேய்த்தார். மெத்தென்ற பாகம் உதிர்ந்து, கெட்டி வரிகள் மேடாக நின்றன. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கார்டுராய்! எங்க கம்பெனியில குளிர்காலத்துக்குப் போகுமே, அதேதான்."

அத்தானுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. கண் போனாலும் கை சொல்லும், எந்தக் கதவுக்குள் எது இருக்கிறது என்று. கடைக்காரருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"கண்ணை மூடிட்டு மரம் வாங்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். ஒரு சமையலறைக்கு அஞ்சு மரமா? சமையலறையா, கண்காட்சியா?"

"உங்க வீட்டுக்கா போடப் போறோம்? பலகையை எடுத்து வைங்க" என்றேன்.

ஆனால் தொழில் தெரிந்த மனுஷர். பைனில் பாத்திரம் இடித்தாலே பள்ளம் விழும், ஓக்கில் ஈரமும் இரும்பும் சேர்ந்து பட்டால் கறுத்துவிடும் என்று எச்சரித்தார். அதையெல்லாம் யோசித்துத்தான் அத்தான் இடம் பிரித்தார். தண்ணீரைத் தாங்கும் தேக்கு தொட்டிக்குக் கீழே, அதற்குள் பினாயிலும் சோப்பும். அதை ஒட்டி அடுப்புப் பக்கம் ஓக், அதற்குள் எண்ணெயும் தூள் டப்பாக்களும். மேல் வரிசையில் ஒரு கடைசியில் மேப்பிள், டீத்தூளும் சர்க்கரையும் வைக்க. மறு கடைசியில் பைன், மாவு மாதிரி இடிக்காத சாமான்களுக்கு. நடுவில் கண் மட்டத்தில் மகோகனி, தட்டும் டம்ளரும். "அந்தச் சிவப்பை இருக்கிற வரைக்கும் பார்த்துக்கறேனே" என்று அக்கா கேட்டு வாங்கிய இடம் அது.

கதவுகள் மாட்டிய பிறகு கொஞ்ச காலம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது. நான் ஒரு துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டுவேன். அவள் சாக்குத்துணி, மெழுகுத்துணி என்று முணுமுணுத்துக்கொண்டே கதவுகளைத் தடவிச் சரியானதைத் திறப்பாள். கண்ணைக் கட்டிக்கொண்டே முட்டை பொரித்து எனக்குத் தட்டில் வைத்தாள். "எங்க அவ? வந்து பார்க்கச் சொல்லு உன் அக்கா மகளை" என்று சவால் விட்டாள். மரம் இன்னும் எதுவும் பூசாமல் பச்சையாகத்தான் இருந்தது. துளைகள் அடைபடாமல் வெறும் எண்ணெய் மட்டும் துடைத்து விட வேண்டும் என்று அத்தான் சொல்லியிருந்தார். செய்யவில்லை. எப்போது என்று கேட்டதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் மகள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பிடித்திருப்பதாகச் சொல்லி இரண்டு பேரையும் வரச்சொன்னாள். சில நாள் தங்க வேண்டியிருந்தது. அத்தான் வழக்கம்போல வீட்டுச் சாவியைப் பளபளாவிடம் கொடுத்தார். அவன் சமையலறையை எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணே, கதவெல்லாம் பச்சையா நிக்குது? நான் பாலிஷ் போட்டுடட்டுமா?"

"வேண்டாம்டா. நாளைக்கு வந்து நானே எண்ணெய் போட்டுக்கறேன்."

ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், சத்தியம் குறுக்கே நின்றது. பளபளாவின் காதில் விழுந்ததெல்லாம் நாளைக்கு என்ற அந்த ஒரு சொல். இத்தனை வருஷம் அதைக் கேட்டவன் அவன். அண்ணி வீட்டுக் கதவு அடுத்த பிறவி வரைக்கும் பச்சையாகத்தான் நிற்கும் என்று அவன் முடிவு கட்டியதில் என்ன தப்பு?

பெரிய டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் அலைய வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் நான் போய் நின்றேன். அக்கா இறங்கும்போதே படியைக் காலால் தேடினாள். "அந்த வட்டத்துலயும் புகை மூட்டமா இருக்குடி. பரவாயில்லை, வீடு வந்துட்டேன்ல" என்றாள். வீட்டு வாசலுக்கு வருமுன்பே எனக்கு வார்னிஷ் வாடை அடித்தது. அத்தானுக்கு எனக்கு முன்பே அடித்திருக்கும். கையிலிருந்த பையை நடுத்தெருவில் வைத்துவிட்டு ஓடினார்.

பளபளா சமையலறை நடுவில் நின்றான். கண்கள் சிவந்து, விரலெல்லாம் வார்னிஷ் காய்ந்து, வாயெல்லாம் பல்லாக நின்றான். கதவுகளைக் கழற்றிக் கொண்டுபோய், அவனுக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் இறக்கித் திரும்பக் கொண்டுவந்து மாட்டியிருந்தான். அப்படி ஒரு பாலிஷ் நான் பார்த்ததே இல்லை. பைனின் வரிகள்கூட அடைபட்டுச் சமமாக இருந்தன.

"வாங்க அண்ணி, வாங்க. அண்ணன் நாளைக்கு நாளைக்குன்னே காலத்தை ஓட்டிடுவாரு, அதான் நானே போட்டுட்டேன். தொட்டுப் பாருங்க!"

அக்கா தொட்டாள். தேக்கைத் தொட்டாள், ஓக்கைத் தொட்டாள். கை மேலே போனது, மேப்பிள், மகோகனி, பைன். ஐந்தும் ஒரே மாதிரி வழுக்கின. திரும்ப ஒருமுறை முதலிலிருந்து தொட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றாவது தப்பித்திருக்காதா என்று தேடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"கண்ணாடி பாலிஷ் அண்ணி! இதுவரைக்கும் எந்த வீட்டுக்கும் இப்படிப் போட்டதில்லை. குனிஞ்சு பாருங்க, உங்க முகமே தெரியும். தெரியுதா?"

அக்கா மகோகனிக் கதவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"தெரியுது தம்பி. நல்லாத் தெரியுது" என்றாள்.

நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் அவனை அறைந்திருப்பேன், இல்லாவிட்டால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன்.

அவன் போன பிறகு அத்தான் சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்தார். அக்கா விடவில்லை.

"சுரண்டினா ஏன்னு கேட்பான். என்ன சொல்வீங்க?"

"உள்ளதைச் சொல்றேன்."

"சொன்னா அவன் அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடுவானா? விடுங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

கைப்பிடிகள் எல்லாம் ஒரே வகை. நான் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் முடிச்சுப் போட்டுவிட்டேன், ஒன்றுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு என்று. மறுமுறை போனபோது எல்லாவற்றையும் வெட்டி எறிந்திருந்தாள். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்களாம். அப்படி ஒரு வீம்பு! சுவரிலிருந்து கதவை எண்ணிக்கொண்டு திறந்தாள். பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறும்.

மகள் வந்த அன்று அதுதான் நடந்தது. அவள் அடுப்படியில் அம்மாவின் பக்கத்தில் நின்று தன் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா உம் கொட்டிக்கொண்டே வாணலியை அடுப்பில் வைத்தாள், குனிந்து கதவைத் திறந்தாள், பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகி ஊற்றினாள். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்தது. எண்ணெய்க் கதவுக்குப் பதில் தொட்டிக்குக் கீழிருந்த கதவைத் திறந்திருக்கிறாள். ஊற்றியது பினாயில். கூடத்தில் இருந்த நான் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தேன். மகள் அம்மாவை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் இருமி இருமி ஓய்ந்தார்கள்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன்மா. துணிமணியை எடுத்து வை" என்றாள். அக்கா சரி என்று தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாக அவள் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

நேரே பட்டறைக்குப் போனேன். சத்தியமாவது மண்ணாவது! பளபளா ஒரு மேசைக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன் பாலிஷும் நீயும்! அக்காவுக்குக் கண்ணு போயிடுச்சுடா. தொட்டுத் தெரிஞ்சுக்கத்தான் அஞ்சு மரம். கோடு கோடா இருந்ததை எல்லாம் பட்டி வச்சு அடைச்சுட்டு, முகம் தெரியுதான்னு கேட்டியே, அவளுக்குக் கதவே தெரியலைடா!"

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். திரும்ப விரித்து மடித்தான். "அன்னைக்குத் தெரியுதுன்னு அண்ணி சொன்னாங்களே" என்றான், சின்னக் குரலில். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அங்கேயே ஒரு பலகைமேல் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அவன் சுரண்டும் தகடு, இரும்பு பிரஷ், கூர் ஊசி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து சமையலறையில் மண்டி போட்டான். அக்கா என்னைத்தான் முதலில் பிடித்தாள்.

"சத்தியம் பண்ணினியேடி!"

"பண்ணினேன். உடைச்சுட்டேன். இப்ப என்னங்கற?"

அப்புறம் அவள் அவன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் சுரண்டுவான், "பாருங்க அண்ணி" என்பான். அவள் விரலை ஓட்டி, "இன்னும்" என்பாள். திரும்பச் சுரண்டுவான். வாழ்நாள் முழுக்க மரத்துக்குப் பளபளப்பு ஏற்றியவன், தன் கையால் போட்டதிலேயே நல்ல பாலிஷைத் தூள் தூளாக உரித்துக்கொண்டிருந்தான். அத்தான் எதிரே நின்று ஒவ்வொரு கதவாகக் கழற்றிக் கொடுத்தார், மாட்டினார். அந்த நாட்களில் யாரும் யாரையும் கேலி பண்ணவில்லை. அக்கா சமைக்கவில்லை, நான்தான் கொண்டுவந்து வைத்தேன். பளபளா தட்டைத் தொடவில்லை. அக்கா சொன்னது சரிதான்.

பைன் பிரஷ்ஷுக்கு இணங்கியது, வரிகள் திரும்ப எழுந்தன. தேக்கு உரிந்து பழைய பிசுக்கைக் காட்டியது. மகோகனியும் ஒருவழியாக வந்துவிட்டது. ஓக்தான் வரவில்லை. பட்டி துளைகளுக்குள் ஊறி இறுகிப்போயிருந்தது. ஊசியை வைத்துக் கோடு கோடாகக் குத்தி எடுத்தான். ஒரு இடத்தில் நரநரப்பும் பக்கத்திலேயே வழவழப்புமாக, சொறி பிடித்த மாதிரி ஆனது. "இதுக்கு மேல வரமாட்டேங்குது அண்ணி" என்று அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேப்பிள் கதவுக்கு நேரம் இல்லாமலே போனது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வண்டியோடு வந்தாள். அதற்குள் அக்காவுக்கு அந்த வட்டமும் மூடிவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். அவள் பெட்டி கட்டியிருந்தாள், கூடத்தில் இருந்தது. "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஆம்லெட்டும் டீயும் போட்டுத் தரேன், சாப்பிட்டுப் போலாம்" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் சமையலறை வாசலில் குறுக்கே நின்று, "யாரும் உள்ள போகக்கூடாது, பேசவும் கூடாது" என்றேன்.

அக்கா மேலே கையை ஓட்டினாள். பைன். மாவு டப்பாக்களுக்கு நடுவிலிருந்து முட்டைக் கூடையை எடுத்தாள். பாப்ளின் என்று முணுமுணுத்தாள், தட்டு வந்தது. வாணலியை வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். குனிந்தாள். இப்போது எண்ணெய். முதலில் கை தேக்கில் பட்டது, விலகியது. அடுத்த கதவில் பட்டது, நின்றது. கையை மேலும் கீழும் ஓட்டினாள். சாக்குத்துணி இல்லை. வேறு எந்தத் துணியும் இல்லை. திரும்பத் தேக்குக்குப் போய்விட்டு வந்தாள். வாணலி காய்ந்துகொண்டிருந்தது. பளபளா வாயைத் திறக்கப் போனான், அத்தான் அவன் தோளை அழுத்தினார். மகள் என் முதுகில் கை வைத்துத் தள்ளப் பார்த்தாள், நான் நகரவில்லை.

அக்கா ஒரு விரலால் மட்டும் மெதுவாகத் தடவினாள். கொஞ்சம் நரநரப்பு, கொஞ்சம் வழவழப்பு.

"கெட்டுப்போனது இதுதானே" என்றாள்.

திறந்தாள், எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி முகர்ந்து பார்த்து ஊற்றினாள். இத்தனை நாள் ஓட்டைச் சட்டைகளைப் பிடித்த விரல் அது, குறையை வைத்தே கதவைப் பிடித்துவிட்டது.

மகள் ஆம்லெட்டை முழுங்க முடியாமல் முழுங்கினாள். "அடுத்த மாசம் வந்து பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னாள். வண்டி வெறுமையாகத் திரும்பிப் போனது. தெருமுனையில் அவள் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுததை நான் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கண் போனது போனதுதான். அவள் ஆசைப்பட்ட அந்தச் சிவப்பு நிறத்தைக்கூட, மாட்டிய பிறகு கொஞ்ச நாள்தான் பார்த்தாள்.

உள்ளே வந்தபோது பளபளா மேப்பிள் கதவுக்கு முன்னால் தகட்டோடு நின்றான்.

"இதையும் சுரண்டிடட்டுமா அண்ணி?"

அக்கா வந்து தடவிப் பார்த்தாள். "இது மொதல்லயும் வழவழப்புதானே தம்பி. விட்டுடு. முகம் தெரியும்னு சொன்னியே, ஒண்ணாவது அப்படியே இருக்கட்டும்."

அவன் தகட்டைக் கீழே போட்டான். அக்கா அந்தக் கதவுக்கு நேராக நின்று, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"தெரியுதாடா?"

"தெரியுது அண்ணி" என்றான் அவன்.

"எப்படி இருக்கேன்?"

அவன் குனிந்து, தரையில் கிடந்த பாலிஷ் தூளைக் கையால் கூட்ட ஆரம்பித்தான். அக்கா பிறகு கையை நீட்டி அந்தக் கதவைத் திறந்து, டீத்தூள் டப்பாவை எடுத்தாள்.